பதினோராவது சுற்று

1

ரீத்தா பாதியில் நின்றுவிட்டாள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அப்பா நம்பினார். அவள் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று எழுதியது அவருடைய கைதான். அம்மாவும் நம்பினாள், காலையில் அரை டம்ளர் கஞ்சியோடு எழுந்து போனதுதான் காரணம் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாள். பிறகு வந்த எத்தனையோ கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளைப் பிறருக்குக் காட்டியது இப்படித்தான்: "நல்லா ஓடுவா. ஆனா பாதியில நின்னுருவா." அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடமும் யாரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

நம்பாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ரீத்தா. மற்றவள் நான். அன்று ஓட்டத்தின் சுற்றுகளை எண்ணிக் குறித்த தாள் என் கையில் இருந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நான் ஐரோப்பாவின் நடுப்பகுதியில், ஓர் ஆற்றங்கரை நகரத்தில் இருக்கிறேன். நகராட்சி நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி அடுக்கும் பிரிவில் வேலை. என்னைவிட நான்கு வயது இளையவளான ரீத்தா திண்டுக்கல்லிலேயே இருக்கிறாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சராக இருந்து, கண் கெட்டுப்போனதால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவள். இந்தக் கோடையில் என் நகரத்தில் பெரிய தடகளப் போட்டி நடந்தது. அவளுக்குப் பார்வை இருக்கும்போதே அழைத்து வந்து, அந்த அரங்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, அன்று நடந்ததை என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை.

நகரத்தின் பெயரையும் போட்டியின் பெயரையும் நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. தொண்டர்களாகச் சேர்ந்தவர்கள் அவற்றைப் பத்திரிகைகளில் எழுதக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தாளில் இருப்பதை மீறக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அதனால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

2

அந்த நாட்களில் திண்டுக்கல்லில் ஒரு போட்டி எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துச் செம்மண் மைதானம். ஒரு மூலையில் கல்லறைத் தோட்டத்தின் சுவர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்ததால் நானூறு மீட்டர் பாதை அடங்காது; முந்நூறுதான். சின்னாளப்பட்டியிலிருந்து நெசவாளர் ஒருவர் கஞ்சி போட்ட பாவு நூல் கண்டு ஒன்றை எடுத்து வருவார். அதை முளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, நூலை ஒட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவி லேன் போடுவார்கள். கயிறு தொய்யும், பாவு நூல் தொய்யாது என்பது அவர் வாதம். அப்பா கணக்கு ஆசிரியர்; போட்டியின் அமைப்பாளரும் அவரே. அந்த நூலின் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

வெளியூர்ப் பிள்ளைகளை லாட்ஜில் தங்கவைக்கும் வழக்கம் இல்லை. முந்தின ஞாயிறு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பட்டியல் படிப்பார்: இந்த வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், இந்த வீட்டுக்கு ஒன்று. எந்த மதத்துப் பிள்ளை என்ற கேள்வியே கிடையாது. தங்க வந்த பிள்ளைக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, மைதானத்துக்கும் கூடவே போவார்கள். அதற்கு எழுதாத ஒரு விதி இருந்தது. நம் வீட்டில் தங்கிய பிள்ளைக்குத்தான் நாம் கை தட்ட வேண்டும். அதே ஓட்டத்தில் நம் பிள்ளை ஓடினாலும் அப்படித்தான். சொந்தப் பிள்ளைக்குக் கை தட்டுவது, பந்தியில் விருந்தாளி இருக்கத் தன் இலையை முதலில் நிரப்பிக்கொள்வது போன்ற அசிங்கம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் நத்தம் பக்கத்துப் பெண், முத்துலட்சுமி. ரீத்தாவோடு ஒரே பாயில் படுத்தாள். ரீத்தா தன் சிவப்பு ரிப்பனை அவளுக்குக் கட்டிவிட்டாள். இருவரும் மறுநாள் மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாக ஓட வேண்டியவர்கள்.

பத்து சுற்று. காலை எட்டு மணிக்கு வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். அவர் வந்து, பேசி, மாலை வாங்கி அமர்ந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அப்போதுதான் பெண்களை ஓடவிட்டார்கள். நான் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன் என்பதால் சுற்று எண்ணும் வேலை என்னுடையது. மேசையில் தாள், ஒரு ஸ்டாப் வாட்ச், கோயிலிலிருந்து இரவல் வாங்கிய பூசை மணி. முதலில் வருபவள் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒன்பது கோடு விழுந்ததும் மணி அடிக்க வேண்டும். அது கடைசிச் சுற்று.

ஏழு கோடு போட்டிருந்தேன். கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

எங்கள் ஊரில் வளர்ந்த கத்தோலிக்கர் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மணி கேட்டால் இருக்கிற இடத்தில் எழுந்து நின்று, கண்ணை மூடி, மூவேளைச் செபம் சொல்வோம். கையில் அரிவாள்மனை இருந்தாலும் வைத்துவிட்டு எழுவோம். நான் எழுந்தேன். கோட்டருகே அப்பா எழுந்தார். நடுவர்கள் எழுந்தார்கள். மைதானம் முழுவதும் தலை குனிந்து நின்றது. யாரும் யோசிக்கவில்லை. செபம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். சிலுவைக் குறி போட்டுக் கண்ணைத் திறந்தபோது பெண்கள் எதிர்ப்பக்கத்து வளைவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். அடுத்து அவர்கள் வந்தபோது எட்டாவது கோட்டைக் கிழித்தேன்.

அது ஒன்பதாவது.

ரீத்தா எண்ணிக்கொண்டே ஓடியிருக்கிறாள். பத்தாவது முறை எல்லோருக்கும் முந்தி வந்து நெஞ்சை நிமிர்த்திக் கோட்டைக் கடந்து நின்றாள். அதே நொடியில் நான் கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்தேன். பின்னால் வந்தவர்கள் மணி கேட்டு அவளைத் தாண்டிப் பாய்ந்தார்கள்.

"பத்து முடிஞ்சிருச்சுப்பா" என்றாள்.

"மணி இப்பத்தான அடிக்குது. ஓடு."

"நான் எண்ணிக்கிட்டே வந்தேன்ப்பா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "தாள்ல என்ன இருக்கு?"

நான் தாளைப் பார்த்தேன். "ஒம்பது" என்றேன்.

ரீத்தா என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா அதட்டியும் எழவில்லை. முத்துலட்சுமி முதலாவதாக வந்தாள். அம்மா வழக்கப்படி அவளுக்குக் கை தட்டி, தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டாள்.

அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு உண்மையிலேயே தெரியாது. இதை நான் நீதிமன்றத்திலும் சொல்வேன். ஆனால் பரிசளிப்புக்கு முன்பு, மேசையை ஒதுக்கும்போது, நேரம் எழுதியிருந்த வரிசையைப் பார்த்தேன். எல்லாச் சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளி. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு. கணிதம் படித்தவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அப்பா மேடையில் விருந்தினர் பக்கத்தில் நின்றிருந்தார். நடந்து போனால் இருபது அடி.

தாளை இரண்டாக மடித்தேன், மறுபடி நான்காக மடித்தேன். வந்த பிள்ளையின் தலையிலிருந்து பூவை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விருந்தோம்பல் என்று அதற்குப் பெயரும் வைத்தேன். அது வெறும் பயம்.

ரீத்தா அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

3

மார்ச் மாதம், தொண்டர்களுக்கான பயிற்சி வகுப்பில், மேசைக்கு ஆறு பேராக உட்கார வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். தடகளப் போட்டியை நடத்துவதற்கு ஒரு நகரத்தைச் சிறந்த இடமாக்குவது எது? மூன்று வரிக்குள் எழுத வேண்டும்.

எங்கள் மேசையில் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அனுமதிச் சீட்டையே பயணச் சீட்டாக்க வேண்டும், கடைசி ஆள் வீடு சேரும் வரை டிராம் ஓட வேண்டும் என்றார். ரொட்டிக்கடை நடத்தும் பெண்மணி, இறுதிப் போட்டிக்கு எந்த ஊரிலும் கூட்டம் வரும், காலையில் நடக்கும் தகுதிச் சுற்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் ஊரின் தரம் தெரியும் என்றார். உடல் சூடேற்றிக்கொள்ளும் பயிற்சிப் பாதை நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், ஓட்டக்காரர்களைப் பேருந்தில் அடைத்து நோகடிக்கக் கூடாது என்றான் ஒரு மாணவன். காற்று, நிழல், குடிதண்ணீர் என்று பட்டியல் நீண்டது. எல்லாமே சரி. எல்லாவற்றையும் திண்டுக்கல் தன்னால் ஆன வகையில் செய்திருந்தது. நடக்கும் தூரத்தில் வீடு, வீட்டில் வெந்நீர், தொய்யாத நூல், காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்து நண்பகல் வரை எழாத கூட்டம்.

நான் எழுதியது ஒரே வரி: 'நகரம் கண்ணை மூடக் கூடாது.'

ஒருங்கிணைப்பாளர் அதை உரக்கப் படித்தார். என் மொழிப் பிழை என்று எண்ணியிருக்க வேண்டும். புன்னகையோடு அதைப் 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் சேர்த்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

உண்மையில் என் பிழைகள் வேறு வகை. இந்த நாட்டு மொழியில் எண்களை ஒற்றையிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். நாற்பத்தேழு என்பது ஏழும் நாற்பதும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தும், கனவுகூட இந்த மொழியில் கண்டும், எண்ணுவது மட்டும் எனக்குத் தமிழில்தான் வருகிறது. ஒத்திகை நாளில் ஒரு வயதான தம்பதியை நாற்பத்தேழாம் வரிசைக்குப் பதில் எழுபத்துநான்காம் வரிசைக்கு அனுப்பிவிட்டேன். மூச்சு வாங்க இறங்கி வந்து, பரவாயில்லை என்று சிரித்தார்கள்.

தொண்டர்களுக்கு ஒரு சலுகை உண்டு. உறவினர் ஒருவருக்கு இலவச இருக்கை. விண்ணப்பத்தில் ரீத்தாவின் பெயரை எழுதினேன். கடைசி வளைவுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது.

4

கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கருகும் நோய் அவளுக்கு. மதுரை ஆஸ்பத்திரியில் இடது கண்ணைக் கைவிட்டாயிற்று. வலது கண் இந்த வருடக் கடைசி வரை தாங்கினால் அதிகம் என்றார்களாம். ஓரங்களிலிருந்து இருட்டு வந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும்.

"ஒரு லேன் மட்டுந்தான் தெரியுதுக்கா. மிச்ச ஏழும் போச்சு" என்று போனில் சொன்னாள். அவள் சிரித்ததால் நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

போட்டிக்கு வா என்று நான் கூப்பிட்டபோது முதலில் மறுத்தாள். கண் தெரியாத பி.டி. டீச்சரைப் பிளேனில் ஏற்றி என்ன செய்யப் போகிறாய் என்றாள். செத்த நேரம் கழித்து அவளே கேட்டாள்.

"ஏக்கா, டிராக்கு செவப்பா, நீலமா?"

"நீலம்."

"நீலம்னா வெள்ளக் கோடு நல்லாத் தெரியும். அப்ப வாரேன்."

சென்னையில் விசா விண்ணப்ப மையத்துக்குத் தன் பழைய மாணவி செல்வியைத் துணைக்கு அழைத்துப் போனாள். கையெழுத்துக்கான கட்டம் தெரியாமல் வெளியே போட்டுவிட்டு, இன்னொரு படிவம் வாங்கி மறுபடி முதலிலிருந்து நிரப்பினார்கள். விண்ணப்பத்தோடு நான் அனுப்பிய கடிதத்தில் அவள் கண்ணைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். அது முதல் தவறு. மருத்துவத்துக்கு வருகிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, ஓட்டம் பார்க்க என்றாளாம். பார்வை இல்லையே, என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, "தெரியிற வரைக்கும் பாப்பேன் சார்" என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது தவறு அவளுடையது. படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் நாட்டில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? கணவர், குழந்தைகள், பெற்றோர், வேலை என்று கட்டங்கள். அவள் எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்து, செல்வியின் கையால், 'ஒருவரும் இல்லை' என்று எழுதச் சொல்லியிருக்கிறாள்.

மூன்று வாரத்தில் மறுப்பு வந்தது. அச்சடித்த காரணங்களின் வரிசையில் ஒன்றுக்கு எதிரே ஒரு கோடு கிழித்திருந்தார்கள். பயணம் முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பும் எண்ணம் இருப்பதாக நம்ப முடியவில்லை. யாரும் இல்லாதவர் எதற்காகத் திரும்பிப் போவார் என்பது அவர்கள் கணக்கு.

நான் போனில் அவளைக் கடிந்துகொண்டேன். சித்தப்பா மக்கள் இருக்கிறார்கள், கன்னிவாடியில் மாமா வீடு இருக்கிறது, ஒரு பெயரை எழுதியிருக்கக் கூடாதா என்றேன்.

"பொய் எழுதச் சொல்றியாக்கா?" என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

போன் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று நினைத்து அவள்தான் இரண்டு முறை அலோ என்றாள்.

5

இதைப் படிப்பவர்கள் கேட்கலாம்: நீ திண்டுக்கல்லுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே? போயிருக்கிறேன். அம்மா இறந்தபோது போனேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது போனேன். நடுவில் எத்தனையோ விடுமுறைகள். ஒவ்வொரு முறையும் அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது. ரீத்தா ஆப்பமும் கறிக்குழம்பும் வைத்து, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பரிமாறுவாள். அந்த வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிட்டேன். விருந்தாளிக்குத்தான் கை தட்ட வேண்டும். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அதற்கு நடுவில் எப்படிச் சொல்வது? அதனால்தான் அவள் இங்கே வர வேண்டியிருந்தது. ஒரு தடவையாவது அவள் விருந்தாளியாக இருக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக் கடிதம் நான்கு பக்கம் வந்தது. மகள் எஸ்தரிடம் திருத்தக் கொடுத்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக வீடெடுத்து இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவள் இந்த நாட்டு மொழியில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். என் கணவர் இருந்தவரை நடுவில் நின்று இரண்டையும் இணைத்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகளாக அவரும் இல்லை. சித்தியை அவள் கடைசியாகப் பார்த்தது பதிமூன்று வயதில்.

பேனாவால் வரி வரியாக அடித்துக்கொண்டே போனாள். இங்கே அதிகாரிகளிடம் கெஞ்சக் கூடாதாம்; கெஞ்சினால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்களாம். போட்டியை நேரலையில் பார்க்கலாமே, பார்வை குறைந்தவருக்கு அலைபேசித் திரையை முகத்தருகே வைத்துக்கொள்வதுதான் வசதி என்றும் சொன்னாள். நியாயமான பேச்சு. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன்.

நான்காம் பக்கத்தில் நிறுத்தி, அபூர்வமாகத் தமிழுக்கு மாறினாள்.

"அம்மா, இந்த லெட்டர்ல நீங்க யாருகிட்ட மன்னிப்பு கேக்குறீங்க?"

அதிகாரிகளிடம்தான் என்றேன். அவள் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்தாள். ஒரு பக்கமாகச் சுருங்கிய கடிதத்தை அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம், மூன்று மாதத்துக்குள் பதில் வரும் என்று பதில் வந்தது. போட்டி ஏழு வாரத்தில்.

அலுவலகத்துக்கு நேரில் போனேன். எண் சீட்டு எடுத்துக் காத்திருந்தேன். வேறு அலுவலகம் என்றார்கள். அங்கே, நீங்கள் விண்ணப்பதாரர் இல்லை என்றார்கள். நூலகத்தில் விடுப்பு கேட்டு மறுபடி போனேன். மறுபடி எண் சீட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். நகரத்தின் ஒவ்வொரு டிராமிலும் 'உலகத்தை வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தது. அந்த வாசகம் ஒட்டிய டிராமில்தான் நான் போய்ப் போய் வந்தேன்.

6

பெண்கள் ஐயாயிரம் மீட்டர் தகுதிச் சுற்று, ஒரு நாள் காலை நேரப் பிரிவில் கடைசியாக வந்தது. எனக்கு அரை மணி இடைவேளை. கடைசி வளைவுக்கு எதிரே காலியாக இருந்த அந்த இருக்கையில் போய் உட்கார்ந்து ரீத்தாவை அழைத்தேன். இங்கே நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே பிற்பகல் மூன்றரை.

ரொட்டிக்கடைப் பெண்மணி சொன்ன அளவுகோலில் எங்கள் நகரம் தேறிவிட்டது. காலை வேளைதான், ஆனால் அரங்கம் நிறைந்திருந்தது. ரீத்தாவுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீலப் பாதை, வெள்ளைக் கோடு, கொடி அசையாத காற்று. எத்தனை பேர் என்றாள். இருபது என்றேன்.

"எண்ணிப் பாத்தியா?"

"ரெண்டு தடவ."

"சரி, ஓட விடு" என்றாள், நான்தான் துப்பாக்கி பிடித்து நிற்பதைப் போல.

பன்னிரண்டரைச் சுற்று. ஒவ்வொரு முறை அவர்கள் கோட்டைக் கடக்கும்போதும் எண்ணைச் சொன்னேன். யார் முன்னால், யார் கையை வீணாக வீசுகிறாள், யார் தோளை இறுக்குகிறாள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் வருவது யார் என்றும் கேட்டாள். ஏதோ ஒரு சிறு தீவு நாட்டுப் பெண்; மற்றவர்களைவிட அரைச் சுற்றுப் பின்தங்கி, தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்போது நகரத்தின் பழைய கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. இத்தனை ஆண்டுகளில் வேலைக்கு நடுவே அந்த மணியைக் கேட்டு, யாரும் கவனிக்காதபடி நான் கண்ணை மூடாத நாள் கிடையாது. இமை தானாகக் கீழே இறங்குவதை உணர்ந்தேன். திறந்தே வைத்திருந்தேன். கண்ணில் நீர் கட்டியது.

"கோயில் மணியா அது?"

"ஆமா."

"செபம் சொல்லலையா நீ?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன். எட்டு முடிஞ்சிருச்சு."

சொல்லிவிட்டேன்.

"ரீத்தா, அன்னைக்கு நான் கண்ண மூடிட்டேன். எட்டாவது சுத்த நான் பாக்கல. பரிசு குடுக்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ பத்தும் ஓடி முடிச்ச."

"இப்ப எத்தனாவது சுத்து? அத மொதல்ல சொல்லு."

"ஒம்பது முடியப் போகுது."

"சொல்லிக்கிட்டே வா."

ஒன்பது. பத்து. பதினொன்று. அந்த எண்ணை மறுபடி சொல் என்றாள், சொன்னேன். கடைசிச் சுற்றின் மணி அடித்தது. முதலில் வந்தவளின் பெயரை அவள் கேட்கவே இல்லை. கடைசிப் பெண் வந்துவிட்டாளா என்று மூன்று முறை கேட்டாள். எல்லோரும் முடித்த பிறகு அந்தப் பெண் ஒருத்திதான் பாதையில் இருந்தாள். ஒருவரும் இருக்கையை விட்டுப் போகவில்லை. நேர்ப்பாதை முழுவதும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் கோட்டைக் கடந்ததும், பலகையில் அவள் பெயரும் நேரமும் வந்தன. அவளும் முடித்தவள் என்று எழுதினார்கள். போனை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"ம். கேக்குது" என்றாள். பிறகு, பேச்சை மாற்றுவது போல, "நான் ஸ்கூல்ல சுத்து எண்ண எப்பவும் மூணு பிள்ளைகளப் போடுவேன், தெரியுமா? அதுல ஒண்ணு கட்டாயம் இந்துப் பிள்ளையா இருக்கும். பன்னெண்டு மணிக்கு அது கண்ண மூடாது. ஏன்னு எந்த சிஸ்டரும் கேட்டதில்ல" என்றாள்.

சிரித்தாள். என்னால் முடியவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கேதான். மணி அடிக்கிறப்ப வளைவுல வாரேன். மைதானமே கண்ண மூடி நிக்குது. அப்பா, அம்மா, நீ. நாங்க ஓடுற பிள்ளைக மட்டுந்தான் கண்ணத் தொறந்திருக்கோம். அம்புட்டுப் பேரு நின்னும் எங்களப் பாக்க ஒரு ஆளு இல்ல."

"ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

நான் அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டை நீட்டினார். ஓட்டத்தைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

"எங்கிட்ட சொல்லி என்னக்கா. எனக்குத்தான் தெரியுமே. அப்பாகிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். அப்பா படுக்கையில் கிடந்த மூன்று ஆண்டுகளும் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பார்த்துக்கொண்டவள் அவள்தான். "கடைசி வாரத்துல கஞ்சி குடுக்குறேன். 'இதையாவது பாதியில விட்டுறாத தாயி'ன்னாரு. வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

நான் உடனே வருகிறேன், நாளைக்கே டிக்கெட் போடுகிறேன் என்றேன்.

"இப்ப வேணாம்க்கா. வரணும்னா நானே சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

என் இடைவேளை முடிந்திருந்தது. எழுந்து போய், பிற்பகல் பிரிவுக்கு வந்தவர்களுக்கு வரிசை காட்டினேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை படித்தேன்.

7

மேல்முறையீட்டுக்குப் பதில் போன வாரம் வந்தது. பயணத்துக்குக் காரணமாகக் காட்டிய நிகழ்ச்சி முடிந்துவிட்டதால் கோப்பு மூடப்படுகிறது. எஸ்தர் அதைப் படித்துவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான்காக மடித்த அந்தத் தாளை எடுத்து அவளிடம் காட்டினேன். எண்களைப் பார்த்தாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே விரலை வைத்தாள். மொழி தேவைப்படவில்லை.

பள்ளிக்கு எழுதிக் கேட்டேன். அந்த ஆண்டின் போட்டிப் பதிவேடு அவர்களிடம் இல்லை. இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லையாவது அடித்து எழுதச் சொல்லியிருப்பேன். ஆகவே இங்கே எழுதுகிறேன். எங்கள் சொந்தபந்தங்களிலோ, எங்கள் கோயிலடியிலோ, அவளைப் பற்றி ஒரு கல்யாண வீட்டில் அப்படிப் பேசியவர்கள் யாரேனும் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: ரீத்தா பத்துச் சுற்றும் ஓடினாள், முதலாவதாக வந்தாள், முடித்தாள். பதினோராவது சுற்றை உண்டாக்கியவள் நான்.

அவள் இன்னும் வா என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுக்கிறாள். மழை, மாத்திரை, செல்வி வந்து போனது, அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒற்றை லேனும் ஓரத்தில் மங்கத் தொடங்கிவிட்டதாகச் செல்விதான் எனக்குச் சொன்னாள்.

அன்று அந்த மைதானத்தில் கண்ணை மூடி நின்ற எங்கள் வீட்டாரில் அப்பா இல்லை, அம்மா இல்லை. நான் இங்கே இருக்கிறேன். முத்துலட்சுமி எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. திண்டுக்கல்லில், எங்கள் வீட்டில், ரீத்தா இருக்கிறாள்.